குடியை நிறுத்தினால்தான் டிபி மாத்திரையா? அண்ணன் விஷயம், கொஞ்சம் அவசரம்

கொத்தனார் தங்கச்சி எழுதியது:

வணக்கம். இங்கே சர்க்கரை, தைராய்டு என்று ஆளாளுக்குக் கேட்டுப் பதில் வாங்குவதை ரொம்ப நாளாக ஓரமாக நின்று படித்துக்கொண்டிருக்கிறேன். இன்றைக்கு என் முறை. நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணனுக்கு 41 வயது, கொத்து வேலை. 2021-ல் டிபி வந்தது. ஆறு மாதம் சாப்பிட வேண்டியதை மூன்று மாதம் சாப்பிட்டார், இருமல் நின்றது, கன்னத்தில் சதை வைத்தது, ஓசூர் பக்கம் ஒரு அபார்ட்மெண்ட் வேலை வந்தது, போய்விட்டார். மிச்ச மாத்திரை அட்டை பரணிலேயே கிடந்தது, பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது அண்ணி எடுத்துக் காட்டினார். இப்போது மறுபடியும். இருமும்போது ரத்தம் வந்தது, பயந்துபோய்ச் சளி கொடுத்தோம், டிபி என்று வந்தது. மருந்துக்குக் கட்டுப்படும் வகைதான் என்று சொன்னார்கள், அது ஒன்றுதான் நிம்மதி.

இனி குடி. தினமும் சாயங்காலம் ஒரு குவார்ட்டர். சனிக்கிழமை கூலி வாங்கும் அன்று கணக்கே கிடையாது. காலையில் கை நடுங்குகிறது, கரண்டி பிடிக்கவே ஒரு கட்டிங் வேண்டியிருக்கிறது என்று மேஸ்திரி சொன்னாராம். பீடி ஒரு நாளைக்கு ஒரு கட்டு. மாத்திரை வாங்கும் இடத்தில் (எந்த இடம் என்று சொல்லவில்லை, ஒரு ஆள் பேசியதற்கு எல்லோரையும் குறை சொல்ல முடியாது) "குடிச்சிட்டு இதைப் போட்டா ஈரல் காலி, முதல்ல குடியை விட்டுட்டு வா" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்கள். அண்ணன் அதை வசதியாகப் பிடித்துக்கொண்டார். குடிக்கிற அன்றைக்கு மாத்திரை கிடையாது. அவர் குடிக்காத நாள் எது? அண்ணி அட்டையை எண்ணிப் பார்த்தால் 26 நாளில் 11 நாள்தான் போட்டிருக்கிறார்.

அம்மா கோவிலுக்குக் கூட்டிப்போய்க் கயிறு கட்டினார், ஒன்பது நாள் தாங்கியது. மாமா ஏதோ ஒரு தனியார் மறுவாழ்வு இல்லத்தில் மூன்று மாதம் அடைத்துவிடலாம் என்கிறார், 25,000 ரூபாய் கேட்கிறார்களாம். அங்கே இருந்து வந்த ஒருவர் முதுகைக் காட்டினார், அதற்குப் பிறகு எனக்கு மனசு வரவில்லை. சொந்தக்காரர்கள் "குடிகாரனுக்கு என்ன மருந்து கொடுத்தாலும் சாக்கடையில ஊத்தின மாதிரிதான்" என்கிறார்கள். வீட்டில் அண்ணி, 8 வயதில் ஒரு பெண், 4 வயதில் ஒரு பையன், அம்மா. ஒரே அறை, ஒரு திண்ணை. போன வருஷம் 50 கிலோ இருந்தவர் இப்போது 38.

என் கேள்வி இதுதான். முதலில் குடியை நிறுத்த வேண்டுமா, மாத்திரையைத் தொடர வேண்டுமா? குடியால்தான் டிபி வந்ததா? இதைப் பற்றி யாராவது ஒழுங்காக ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்களா, இல்லை எல்லாமே அவரவர் வாய்க்கு வந்ததா?

பழைய பேப்பர் எழுதியது:

கோபித்துக்கொள்ளாதே தங்கச்சி, அனுபவத்தில் சொல்கிறேன். என் அப்பா 19 வருஷம் குடித்தார், ஐந்து ஆஸ்பத்திரி, அம்மாவின் தாலிச் சங்கிலி வரை போனது. வார்டை விட்டு வெளியே வந்த அன்றைக்கே நேராகக் கடைக்குப் போனவர். குடி இருக்கும்வரை எந்த வைத்தியமும் நிற்காது. தெருவுக்குத் தெரு கடையைத் திறந்து வைத்துவிட்டு டிபியை ஒழிக்கிறோம் என்று போஸ்டர் ஒட்டுவதெல்லாம் பேச்சுதான். உன் அண்ணி, பிள்ளைகளைத் தனியாக வைத்துக் காப்பாற்றப் பார். அவ்வளவுதான் சொல்வேன்.

சளி டப்பா எழுதியது:

மற்றதை எல்லாம் பிறகு பேசலாம் அம்மா. அண்ணன் உயரம் எவ்வளவு? பாதம் வீங்கியிருக்கிறதா? பிடிக்காமல் எழுந்து நிற்க முடிகிறதா? உட்கார்ந்திருக்கும்போது ஒரு நிமிஷத்துக்கு எத்தனை தடவை மூச்சு விடுகிறார் என்று கடிகாரத்தை வைத்துக்கொண்டு எண்ணுங்கள், எண்ணுவது அவருக்குத் தெரிய வேண்டாம். இன்றைக்கே எழுதுங்கள்.

கொத்தனார் தங்கச்சி எழுதியது:

ஐந்தடி ஐந்து அங்குலம். கால் வீக்கம் இல்லை. நிற்கிறார், ஆனால் கொல்லைப்பக்கம் போய்விட்டு வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்கிறார். மூச்சு 27, இன்னொரு தடவை எண்ணினேன் 28. ஏன் கேட்கிறீர்கள்?

சளி டப்பா எழுதியது:

நான் டிபி பிரிவில் களப்பணியில் இருந்து ஓய்வு பெற்றவன். அந்த டப்பாக்களை வெயிலில் சுமந்த ஆள்தான், பெயரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்.

நீங்கள் எழுதியதில் குடிக்குப் பத்து வரி, எடைக்கு ஒரே வரி. எனக்கு அந்த ஒரு வரிதான் பயம். ஐந்தடி ஐந்து என்றால் 165 சென்டிமீட்டர், 1.65-ஐ 1.65-ஆல் பெருக்கி, வருகிற எண்ணால் 38-ஐ வகுத்தால் 14-க்குக் கீழே வருகிறது. 18.5-க்குக் கீழே போனாலே மெலிவு என்பார்கள். 14 என்பது உயிருக்கே ஆபத்தான மெலிவு. தமிழ்நாட்டில் 2022 ஏப்ரலில் காசநோய் இறப்பில்லாத் திட்டம் என்று ஒன்று தொடங்கினார்கள், அதன் சாரமே இதுதான். டிபி என்று தெரிந்த உடனேயே, டாக்டர் வரும்வரை காத்திருக்காமல், அங்கே இருக்கும் பணியாளரே எடை, உயரம், கால் வீக்கம், மூச்சு எண்ணிக்கை, விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன், பிடிக்காமல் நிற்க முடிகிறதா, இத்தனையும் பார்த்துவிட வேண்டும். எடைக் கணக்கு 14-க்குக் கீழே, அல்லது 14-லிருந்து 16-க்குள் இருந்து காலும் வீங்கியிருந்தால், மூச்சு 24-க்கு மேல், ஆக்சிஜன் 94-க்குக் கீழே, நிற்க முடியவில்லை, இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் மேல் பரிசோதனைக்கு அனுப்பிப் பெட் கொடுக்க வேண்டும். டிபியில் இறப்பவர்களில் பெரும்பாலோர் மாத்திரை தொடங்கிய முதல் இரண்டு மாதத்துக்குள்தான் போகிறார்கள், மாத்திரை வேலை செய்யும்வரை உடம்பு தாங்குவதில்லை. உங்கள் அண்ணனுக்கு எடையும் மூச்சும் இரண்டுமே கணக்கில் வருகின்றன.

நாளைக் காலை மாவட்ட அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். "குடிக்கிறார், என்ன செய்ய" என்று ஆரம்பிக்காதீர்கள், பேச்சு அங்கேயே நின்றுவிடும். "எடை 38, உயரம் 165, மூச்சு 28, இறப்பில்லாத் திட்டத்தில் பாருங்கள்" என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கையில் கொடுங்கள். அப்புறம் டாக்டரிடம் தனியாக, எவ்வளவு குடிக்கிறார், கடைசியாக எப்போது குடித்தார் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். அது முக்கியம், ஏன் என்று வேறு யாராவது விளக்குவார்கள்.

இன்னொன்று. எலும்பும் தோலுமாக இருக்கிறாரே என்று பாசத்தில் ஒரே நாளில் பிரியாணி, முட்டை, குளுக்கோஸ் என்று ஏற்றிவிடாதீர்கள். இவ்வளவு காய்ந்த உடம்புக்குத் திடீரென்று நிறையக் கொடுத்தால் ரத்தத்தில் உப்புச் சத்துகள் தடம் புரண்டு இதயமே நின்றுபோவது உண்டு. கொஞ்சம் கொஞ்சமாக, அவர்கள் சொல்கிற அளவில்.

ஆய்வுப்பூச்சி எழுதியது:

நான் பொதுச் சுகாதாரம் படிக்கிறேன், டாக்டர் இல்லை. சளி டப்பா ஐயா சொன்னபடி முதலில் மருத்துவமனை, இதைப் பிறகு படியுங்கள் அக்கா. ஆனால் "யாராவது ஆராய்ந்திருக்கிறார்களா" என்று கேட்டீர்களே, அந்தக் கேள்விக்கு நம் ஊரிலேயே பதில் இருக்கிறது, அதனால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

மின்சார ரயிலில் தாம்பரம் சானடோரியம் என்று ஒரு ஸ்டேஷன் வரும். 1928-ல் டாக்டர் சௌரி முத்து என்பவர் அங்கே ஆரம்பித்த டிபி மருத்துவமனையால் வந்த பெயர். அந்தக் காலத்து எண்ணம் என்ன என்றால், டிபிக்காரன் நல்ல காற்று, நல்ல சாப்பாடு, ஓய்வு, ஒழுக்கம் இந்த நான்கும் இருக்கிற இடத்தில் மாதக்கணக்கில் படுத்துக் கிடக்க வேண்டும். மருந்து வந்த பிறகும் அந்த எண்ணம் போகவில்லை. பெட் கிடைக்காதவன் என்ன செய்வான்? அதைச் சோதிக்கத்தான் 1956-ல் சென்னையில் ஒரு ஆய்வு மையம் வைத்தார்கள். மாநில அரசு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், நான்கும் சேர்ந்து. இன்றைக்கு சேத்துப்பட்டில் இருக்கும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்தான் அது. நகரத்தின் ஏழைப் பகுதிகளிலிருந்து வந்த 193 நோயாளிகளைக் குலுக்கல் மாதிரி இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்தில், பால், முட்டை, ஓய்வோடு. மறு பாதி சொந்த வீட்டில், அதே நெரிசல், அதே அரைவயிறு, அதே வேலை. இரண்டு பேருக்கும் ஒரே மருந்து, ஒரு வருஷம். 1959-ல் முடிவு வெளியானது. சானடோரியத்தில் 92 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியது, வீட்டில் 86. அவ்வளவுதான் வித்தியாசம். வீட்டில் வைத்ததால் குடும்பத்துக்குக் கூடுதலாக ஒட்டவும் இல்லை. உலகம் முழுக்க டிபிக்காரர்கள் வீட்டில் இருந்தபடியே மருந்து சாப்பிடும் முறை பரவியதற்கு இந்த ஆய்வுதான் பெரிய காரணம்.

எனக்கு அதில் ரொம்பப் பிடித்தது வேறு ஒரு விஷயம். சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணுவார்கள், சிறுநீரை வாங்கி மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று பார்ப்பார்கள். அதாவது மனுஷன் மாத்திரையை விடுவான் என்பதை முதலிலேயே கணக்கில் எடுத்துக்கொண்டு, அதற்கு ஏற்ற ஏற்பாட்டோடு இறங்கினார்கள். நல்லவனாகிவிட்டு வா, அப்புறம் மருந்து தருகிறேன் என்ற பேச்சை 1950-களிலேயே சென்னையில் தோற்கடித்துவிட்டார்கள், அதே மாநிலத்தில் இப்போதும் ஒருவர் கவுண்டரில் உட்கார்ந்துகொண்டு அதையே பேசுகிறார் என்றால் எரிச்சலாக இருக்கிறது.

ஈரல் பற்றிச் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. டிபி மாத்திரையில் மூன்று மருந்துகள் ஈரலைச் சீண்டக்கூடியவை, குடி சேர்ந்தால் ஆபத்து கூடும். அதற்குச் செய்ய வேண்டியது ஈரல் ரத்தப் பரிசோதனையை அடிக்கடி பார்ப்பது. மாத்திரையை நிறுத்திவைத்தால் டிபி தின்னும். இதைவிட மோசம் உங்கள் அண்ணன் செய்துகொண்டிருப்பது, ஒரு நாள் போட்டு ஒரு நாள் விட்டால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும், இப்போது இருக்கிற அந்த ஒரு நிம்மதியும் போய்விடும். சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போனால் பயப்பட வேண்டாம், அது மருந்தின் சாயம். கண் வெள்ளை மஞ்சளானால், வாந்தி நிற்காவிட்டால் அன்றைக்கே காட்ட வேண்டும். கால் விரல் மரத்துப்போவதாகச் சொன்னால் பி6 வைட்டமின் கொடுக்கிறார்களா என்று கேளுங்கள், குடிக்கிறவர்களுக்கு அது கட்டாயம் தேவை.

குடியால் வந்ததா? கிருமி இல்லாமல் டிபி இல்லை. ஆனால் நம் ஊரில் கோடிக்கணக்கானவர்கள் உடம்பில் கிருமி தூங்கிக்கொண்டிருக்கிறது, யாருக்கு அது எழுந்திருக்கிறது என்பதில்தான் விஷயம். ஒரு நாளைக்கு 40 கிராமுக்கு மேல் சாராயச் சத்து உள்ளே போகிறவர்களுக்கு டிபி வரும் வாய்ப்பு சுமார் மூன்று மடங்கு என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு குவார்ட்டரில் இருப்பது ஏறக்குறைய 60 கிராம். அப்புறம் நீங்கள் அரை வரியில் தாண்டிப்போன பீடி! சென்னையிலும் விழுப்புரம் கிராமங்களிலும் இறந்துபோன 43,000 ஆண்களைப் பற்றி அவரவர் வீட்டில் விசாரித்து, உயிரோடு இருந்த 35,000 பேரோடு ஒப்பிட்டு, டாக்டர் கஜலட்சுமி குழுவினர் 2003-ல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். புகைப்பவர்கள் டிபியால் இறப்பது சுமார் நான்கு மடங்கு, ஆண்களின் டிபி சாவில் ஏறக்குறைய பாதியில் புகைக்குப் பங்கு இருந்தது. இதைப் பற்றி எந்தக் கவுண்டரிலும் யாரும் திட்டிப் பார்த்ததில்லை, ஏனென்றால் பீடி குடித்தவன் தள்ளாடுவதில்லை.

சாப்பாடு கதையில் ஒரு தமாஷ் உண்டு. சென்னை ஆய்வில் அரைவயிற்றுக்காரர்களும் குணமானதைப் பார்த்துவிட்டு, டிபிக்குச் சாப்பாடு முக்கியமே இல்லை, மாத்திரை போதும் என்று பல பத்தாண்டுகளுக்கு எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். குணமாவதற்கு மருந்து போதும் என்பது வேறு, சாகாமல் இருக்கவும் அடுத்தவருக்கு வராமல் இருக்கவும் என்ன வேண்டும் என்பது வேறு. அதைப் பார்க்க ஜார்க்கண்டில் 2019-லிருந்து 2022 வரை ஒரு ஆய்வு நடந்தது, டாக்டர் அனுராக் பார்கவா, டாக்டர் மாதவி பார்கவா இருவரும் முன்னின்று செய்தார்கள். 2,800 நோயாளிகள், அவர்கள் வீட்டார் 10,345 பேர். எல்லா நோயாளிக்கும் மாதம் 10 கிலோ பொருள். பாதிக் குடும்பங்களுக்கு மட்டும் வீட்டில் இருக்கிற மற்றவர்களுக்கும் ஆளுக்கு 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ துவரம்பருப்பு, சத்து மாத்திரை. அந்த வீடுகளில் புதிதாக டிபி வருவது 39 சதவீதம் குறைந்தது, சளியில் கிருமி தெரிகிற வகை 48 சதவீதம். நோயாளிகளில் முதல் இரண்டு மாதத்தில் எடை 5 சதவீதம் ஏறியவர்களுக்குச் சாவு ஆபத்து 61 சதவீதம் குறைவு. உங்கள் அண்ணனுக்கு 5 சதவீதம் என்றால் இரண்டு கிலோகூட இல்லை.

பழைய பேப்பர் எழுதியது:

தம்பி, புள்ளிவிவரம் எல்லாம் சரி. இந்தக் கணக்கில் எங்கேயாவது வீட்டுக்காரியின் நிலை வருகிறதா? டிபி நோயாளிக்கு அரசு மாதம் 500 கொடுத்தது, 2024 நவம்பரிலிருந்து 1,000 ஆக்கியிருக்கிறார்கள். யார் கணக்கில் விழுகிறது? அந்த மனுஷன் கணக்கில். நேராக எங்கே போகும் என்று நான் சொல்ல வேண்டுமா? என் அப்பாவுக்கு முதியோர் பணம் வந்த அன்றைக்குத்தான் எங்கள் வீட்டில் பாத்திரம் பறக்கும்.

ஆய்வுப்பூச்சி எழுதியது:

அண்ணா, அந்த இடத்தில் உங்களோடு சண்டை போட மாட்டேன். ஜார்க்கண்டில் பொருளாகக் கொடுத்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன். துவரம்பருப்பைக் கொண்டுபோய்க் கடையில் கொடுத்துக் குவார்ட்டர் வாங்குவது கொஞ்சம் கஷ்டம்தான், முடியாது என்று சொல்லவில்லை. ஆனால் "குடி இருக்கும்வரை எந்த வைத்தியமும் நிற்காது" என்றீர்களே, அதற்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வேறு ஏதோ நோய்க்காக வந்த ஆண்களில், குடி தொந்தரவாகிவிட்ட 377 பேரை எடுத்து ஒரு ஆய்வு செய்தார்கள், 2017-ல் வந்தது. டாக்டர் இல்லாத, பயிற்சி மட்டும் பெற்ற உள்ளூர் ஆட்கள் ஒன்றிலிருந்து நான்கு தடவை உட்கார்ந்து பேசினார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் பேச்சு கிடைத்தவர்களில் 36 சதவீதம் பேர் தொந்தரவு இல்லாத அளவுக்கு வந்திருந்தார்கள், கிடைக்காதவர்களில் 26. பெரிய அதிசயம் இல்லை. ஆனால் மருந்து கொடுக்கிற இடத்திலேயே குடியைப் பற்றியும் பேச முடியும், அதற்கு மனநல டாக்டர் வந்துதான் ஆக வேண்டும் என்று இல்லை. காலையில் கை நடுங்குகிற அளவுக்குப் போனவர்களை மட்டும் அந்த ஆய்வில் சேர்க்கவில்லை. அக்காவின் அண்ணன் அந்த இடத்தைத் தாண்டிவிட்டார் என்று தோன்றுகிறது.

எட்டாம் வருஷம் எழுதியது:

நடுங்குகிற கையைப் பற்றி நான் சொல்கிறேன், எனக்கு இருந்தது.

கோயம்பேட்டில் மூட்டை தூக்கினவன். டிபியும் வந்தது, குடியும் இருந்தது, இரண்டையும் தாண்டி எட்டு வருஷம் ஆகிறது. உடம்பு வலிக்குக் குடிக்கிறோம் என்று சொன்னால் எல்லோரும் சாக்கு என்பார்கள். ராத்திரி முழுக்க வெங்காய மூட்டை இறக்கிவிட்டு வந்து படுத்துப் பார்த்தால் தெரியும், முழுச் சாக்கு இல்லை. ஆனால் ஒரு கட்டத்துக்குப் பிறகு வலி இல்லாத நாளிலும் குடித்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு மாத்திரை கொடுத்த நர்ஸ் அக்கா ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: "குடிச்சாலும் போடு, என்கிட்ட மட்டும் பொய் சொல்லாதே." விடிகாலை வேலை முடிந்து வந்ததும், டீ கூடக் குடிக்காமல், வெறும் வயிற்றில் மாத்திரை. டீக்கடைக்காரரிடம் அட்டையைக் கொடுத்து வைத்திருந்தேன், மாத்திரை போட்டால்தான் கிளாஸை நீட்டுவார். குடி சாயங்காலம்தானே, மாத்திரை காலையில், இரண்டுக்கும் நடுவில் அவ்வளவு நேரம் இருக்கிறது, ஒன்றுக்காக இன்னொன்றை ஏன் விடணும்? ஆறு மாதத்தில் நான்கு நாள்தான் தவறினேன். குடியை விட்டது ஐந்தாவது மாதத்தில், அதுவும் இரண்டு தடவை திரும்ப விழுந்து எழுந்து. மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறவன் என்று ஒரு பெயர் கிடைத்ததே, அதைக் காப்பாற்றத்தான் மற்றதும் வந்தது என்று எனக்கு ஒரு எண்ணம்.

முக்கியமான விஷயம். கயிறு கட்டி ஒன்பது நாள் தாங்கினார் என்றீர்கள், அந்த ஒன்பது நாளில் ஒன்றும் ஆகாதது அதிர்ஷ்டம். தினமும் குடித்த உடம்பைத் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம், இரண்டாவது, மூன்றாவது நாளில் ஆள் தெரியாமல் பிதற்றல், சுவரில் பூச்சி ஊர்வது, வியர்வை, இதில் செத்தவர்கள் உண்டு. எனக்கு மூன்றாம் நாள் லாரி என்மேல் ஏறுவது போலத் தெரிந்து கட்டிலுக்கு அடியில் போய்விட்டேன். அதனால்தான் கடைசியாக எப்போது குடித்தார் என்று டாக்டரிடம் சொல்லச் சொல்கிறார்கள். தெரிந்தால் முதலிலேயே அதற்கு மாத்திரை, பி1 ஊசி எல்லாம் போட்டுவிடுவார்கள். தெரியாவிட்டால் ராத்திரி கட்டிலில் கட்டிப்போடுவார்கள்.

அந்த 25,000 ரூபாய் இடம் வேண்டாம். மறுவாழ்வு இல்லம் என்றால் மாநில மனநல ஆணையத்தில் பதிவு இருக்க வேண்டும், சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள், இழுத்தடித்தால் திரும்பி வந்துவிடுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவிலேயே குடிக்கு வைத்தியம் உண்டு, காசு கிடையாது. 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்கு அடித்தால் தமிழிலேயே பேசுவார்கள், உங்கள் பக்கத்தில் எங்கே என்று கேளுங்கள்.

பேப்பர் அண்ணா, உங்கள் அப்பா செய்ததற்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை. என் பெண்ணும் உங்களை மாதிரித்தான் பேசுகிறாள்.

கொத்தனார் தங்கச்சி எழுதியது (நான்கு வாரம் கழித்து):

எல்லோருக்கும் நன்றி. கேட்டுவிட்டுக் காணாமல் போய்விட்டேன் என்று நினைத்திருப்பீர்கள். ஆஸ்பத்திரி, வீடு, பிள்ளைகள் என்று ஓடிக்கொண்டிருந்தேன்.

மறுநாளே துண்டுச் சீட்டோடு போனோம். சளி டப்பா ஐயா சொன்ன அதே வரிகளை எழுதிக் கொடுத்தேன். அந்த டாக்டர் சீட்டைப் படித்துவிட்டு "இதை யார் எழுதிக் கொடுத்தது?" என்று கேட்டார், எனக்குச் சொல்லத் தெரியவில்லை, தெரிந்தவர் என்றேன். விரலில் மாட்டிப் பார்த்தால் 92. உடனே பெட் போட்டார்கள். குடியைப் பற்றி அண்ணி எதிரில் சொல்ல அண்ணனுக்குக் கூச்சம், அண்ணியை வெளியே அனுப்பிவிட்டு நானே சொன்னேன், காலையில் கூட ஒரு கட்டிங் போட்டுவிட்டுத்தான் வந்தார் என்று. மூன்றாம் நாள் ராத்திரி கொஞ்சம் பிதற்றினார், சென்ட்ரிங் பலகை சரிகிறது, எல்லோரும் இறங்குங்கள் என்று கத்தினார். ஆனால் ஊசி முன்னாலேயே போட்டிருந்ததால் ஒரு ராத்திரியோடு போயிற்று. பக்கத்துக் கட்டில் பெரியவர் "வேலையில கெட்டிக்காரன்போல" என்றார், அழுகையிலும் சிரிப்பு வந்தது.

பதினாறு நாள் இருந்தார். கஞ்சி, பால், முட்டை என்று அளந்து அளந்து கொடுத்தார்கள். இப்போது எடை 40.2. மூச்சு 20. மாத்திரை காலையில் அம்மா கையால், அம்மாவிடம் டீக்கடைக் கதையைச் சொன்னேன், அதே மாதிரி மாத்திரை போட்டால்தான் காப்பி. நடுவில் ஒரு நாள் குடித்துவிட்டார், வீட்டுக்கு வந்த நாலாம் நாள், பழைய கூட்டாளி வந்தான். மறுநாள் காலை மாத்திரை போட மாட்டேன், குடித்துவிட்டேனே என்றார். போடுங்கள் என்று அம்மா டம்ளரை நீட்டினார், போட்டார். மனநலப் பிரிவில் வாரம் ஒரு தடவை வரச் சொல்லியிருக்கிறார்கள், இரண்டு தடவை போயாயிற்று, பஸ் காசும் அரை நாளும் போகிறது, அது ஒரு தலைவலி. பீடி குறையவில்லை.

பேப்பர் அண்ணா, பணம் பற்றிச் சொன்னதும் சரிதான். அண்ணன் கணக்குப் புத்தகம் அடகுக் கடையில் இருந்தது!

சளி டப்பா எழுதியது:

40.2, நல்ல செய்தி. அண்ணி கணக்கு எண்ணைக் கொடுக்க முடியுமா என்று டிபி பிரிவில் கேளுங்கள், நிக்ஷய் மித்ரா என்று நன்கொடையாளர்கள் கொடுக்கும் உணவுப் பொருள் பையும் இருக்கிறது, அதையும் கேளுங்கள். கேட்காமல் வராது. பெரிய வேலைக்கு இப்போதைக்கு விடாதீர்கள், சாரம் ஏறவே வேண்டாம்.

எல்லாம் எழுதினீர்கள், பிள்ளைகளைப் பற்றி ஒன்றும் எழுதவில்லையே? நாலு வயசுப் பையனுக்கும் அந்தப் பெண்ணுக்கும் எக்ஸ்ரே எடுத்தார்களா? நோய் இல்லை என்றால் தடுப்பு மாத்திரை ஆரம்பிக்க வேண்டும், அண்ணிக்கும் அம்மாவுக்கும் சேர்த்துத்தான்.

கொத்தனார் தங்கச்சி எழுதியது:

இல்லை ஐயா. யாரும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை. நாளைக்குப் பள்ளிக்கூடம் லீவு போட்டுவிட்டுக் கூட்டிப் போகிறேன். பையனை எடை பார்த்தேன், 12 கிலோ. இது சரியா, குறைவா?

சளி டப்பா எழுதியது:

குறைவுதான். கூட்டிப் போங்கள், போய்விட்டு வந்து எழுதுங்கள்.